எண்ணெய் கொட்டியது என்றாள்

கிடர்பூரில் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். ஏதோ ஒரு கப்பல் துறைக்குள் நுழைகிறது. இந்தப் பக்கம் பஸ்களும் லாரிகளும் கைவண்டிகளும் அப்படியே நின்றன. என் மடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிய புது இரும்பு வாணலி. கைப்பிடி ஒன்று காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கை அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் வங்காளத்தில் கேட்டுவிட்டார்.

“கடாயா?”

“ஆமாம். பெண்ணுக்கு.”

“கல்யாணமா?”

“இல்லை. சமைக்க ஆரம்பித்திருக்கிறாள்.”

“அதுவும் நல்ல செய்திதான்” என்று அந்த அம்மாள் தலையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாதவ்பூரிலிருந்து அதுவரைக்கும் சிரித்த முகமாகத்தான் வந்தேன். பையில் வாணலிக்குத் துணையாக ஒரு ஜல்லிக்கரண்டி, இரண்டு கட்டு அப்பளம், வீட்டில் அரைத்த சாம்பார் பொடி.

வெயில் ஜன்னல் கம்பியில் ஏறி, இரும்பு சூடாகி, புது வாணலியின் மெழுகு வாசனை மெல்ல வந்தது. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அன்றைக்கு நான் நிம்மதியாக முகர்ந்த கடைசி வாசனை அதுதான்.

ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம்

முந்தின நாள் மாலை அபர்ணா போன் செய்திருந்தாள். எங்கள் ஒரே பெண். வங்காளிகள் வாயில் அவள் ‘ஒபொர்ணா’. வீட்டில் அப்பு. வீட்டிலிருந்து நடந்தே போய் எஞ்சினியரிங் படித்தவள், வேலை கிடைத்ததும் கார்டன் ரீச் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆற்றோரத்தில் சின்னப் படகுகள் கட்டும் ஒரு பட்டறையில் வேலை. இங்கிருந்து போய்வர நேரமாகிறது என்றாள். ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு எங்களைப் பிரிந்திருந்தாள்.

வழக்கமாக வீடியோவில்தான் கூப்பிடுவாள். அன்றைக்குக் குரல் மட்டும்.

“மா, கையில எண்ணெய் கொட்டிடுச்சு. கொஞ்சம் ஜாலா பண்ணுது. பயப்படாத.”

எரிச்சலுக்கு வங்காளத்தில் ஜாலா. எங்கள் வீட்டுத் தமிழில் அது எப்போதோ நுழைந்துவிட்டது.

“ஐயோ. என்ன பொரிச்ச? அப்பளமா?”

 லேசாகச் சிரித்தாள்.

“ம்… ஆமா மா. அப்பளம்.”

“பச்சைத் தண்ணியில கையைக் காட்டு. வெண்ணெய் கிண்ணெய் தடவாத. சின்ன வாணலியா வெச்சிருப்ப, அதான் தெறிச்சிருக்கும்.”

“சரி மா.”

போனை வைத்ததும் என் கணவர் ராகவனிடம் ஓடினேன். “உங்க பொண்ணு சமைக்கறா!” என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “சுட்டுக்கிட்டாளா?” என்று கேட்டார். “கொஞ்சம்.” “அப்ப நெஜமாத்தான் சமைக்கறா” என்றார்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பெண்ணின் தமிழில் ‘எண்ணெய்’ என்றால் எல்லா எண்ணெயும்தான். வங்காளத்தில் ‘தேல்’ என்றால் கடுகெண்ணெயும் தேல், டீசலும் தேல், பெட்ரோலும் தேல். அவள் அதை அப்படியே தமிழில் கொண்டுவந்துவிடுவாள். காலேஜ் நாளில் ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம், “வண்டிக்கு எண்ணெய் போடணும்பா” என்பாள். இவர் விடமாட்டார். “நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா? சனிக்கிழமைதானே, நல்லெண்ணெயே போட்டுடு” என்பார். வருஷக்கணக்காக ஓடிய கேலி அது.

அப்படியிருந்தும் அன்றைக்கு எனக்குப் பெட்ரோல் என்று தோன்றவே இல்லை. அவள் தனியாக ஒரு அடுப்பங்கரையில் நின்று அப்பளம் பொரிப்பதைத்தான் என் காது கேட்டது. கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டது.

துறைமுகத்து வானவில்

பாலம் இறங்கக் காத்திருந்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். போன வாரம் இதே பத்தியில் எங்கள் பழைய வீட்டுக்குள் மழைத் தண்ணீர் புகுந்த கதையை எழுதியதைப் படித்துவிட்டு, ‘உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று சொல்லவே இல்லையே’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அப்பாவுக்கு இதே கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை. சனிக்கிழமை அரை நாள். சில சமயம் என்னையும் கூட்டிப்போவார்.

கப்பல்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தால், குனிந்து தண்ணீரைப் பார்ப்பேன். கறுப்புத் தண்ணீரின் மேல் வானவில் மிதக்கும். ஊதாவும் பச்சையும் மஞ்சளும் சுருண்டு சுருண்டு நகரும். ஒரு படகு போனால் கலைந்து, மறுபடியும் சேரும். அதை ஒரு பாட்டிலில் பிடித்துத் தரச்சொல்லி அழுதிருக்கிறேன்.

“அது எண்ணெய் கசிஞ்சதும்மா. அழுக்கு” என்றார் அப்பா.

“அழுக்கு எப்படிப்பா இவ்வளவு அழகா இருக்கும்?”

 அவர் ஒரு பாட்டிலில் மொண்டு தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் கலங்கல் தண்ணீர். நிறம் எங்கே போயிற்று என்று நாள்முழுக்கத் தேடினேன். அம்மா அதைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வாசனை போகவில்லை.

பாலம் இறங்கியது. எல்லா வண்டிகளும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன.

கதவைத் திறந்தது அவள் இல்லை

கார்டன் ரீச்சில் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவள் ஷ்ரேயா, அபர்ணாவோடு அறையில் இருக்கும் பெண். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “காக்கிமா…” என்றாள். 

முதலில் வாசனைதான் என்னிடம் வந்தது. பெட்ரோல் வாசனை. அதற்கு அடியில் கருகிய முடியின் வாசனை. ஒரு மூலையில் அவளுடைய நீலக் குர்த்தா ஒரு பாலிதீன் பைக்குள் கிடந்தது. ஒரு கை மட்டும் பழுப்பாகச் சுருண்டிருந்தது.

அபர்ணா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரல்நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் இடது கையில் வெள்ளைக்கட்டு. இடது புருவம் பாதியைக் காணோம்.

“மா” என்றாள். பிறகு என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தாள். “வாணலியா கொண்டுவந்த?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் வாணலி வைக்க அடுப்பே இல்லை. தண்ணீர் சுட வைக்கும் ஒரு மின்சாரக் கெட்டில் மட்டும்தான் இருந்தது.

“எண்ணெய்னு சொன்னியேடி.”

“எண்ணெய்தான் மா. நீதான் அப்பளம்ன.”

“இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“உன் குரல் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு மா. அந்த நேரத்துல எனக்கு அது கேக்கணும் போல இருந்துச்சு.”

 ஷ்ரேயாதான் நடந்ததைச் சொன்னாள்.

தரைக்கு அடியில் ஒரு டாங்க்

ஒரு புதுப் படகு. சுந்தரவனத் தீவுகளுக்கு நர்ஸ்களையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டுபோக ஒரு தொண்டு அமைப்பு கேட்டது. பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் டாங்க் படகின் தரைப்பலகைக்கு அடியில். டாங்கை வரைந்தவள் அபர்ணா.

பிறகு அவளே எனக்குப் பொறுமையாக விளக்கியதைச் சொல்கிறேன். வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது நாம் கவனிப்பதே இல்லை. டாங்க் நிரம்பினால் பம்பின் மூக்கு தானே நின்றுவிடும். சின்னப் படகில் அப்படி இல்லை. டாங்க் தட்டையாக, தாழ்வாக இருக்கும். பெட்ரோல் ஊற்றும் வாய் படகின் ஓரத்தில் இருக்கும். நடுவில் ஒரு நீளமான வளைந்த குழாய். பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று வெளியே வந்தாக வேண்டும். அதற்கு ஒரு விரல் தடிமனில் இன்னொரு குழாய். காற்று அந்த வழியாகப் போக முடியாமல் திணறினால், ஊற்றும் வாய் வழியாகவே திரும்பி வரும். வரும்போது பெட்ரோலையும் கூட்டிக்கொண்டு வரும். அதுவும் கடைசியில், டாங்க் நிரம்பும் நேரத்தில், ஊற்றுகிறவர் குனிந்து பார்க்கும்போது.

அப்படித்தான் அவள் குனிந்து பார்த்திருக்கிறாள். பெட்ரோல் பொங்கி அவள் இடது கையில் கொட்டியது. மிச்சம் வழிந்து தரைப்பலகைக்கு அடியில் இறங்கியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு சின்ன பம்பு, தானாக ஓடுவது. அது அந்த நேரம் பார்த்து ஓடியது. ஒரு பொறி.

“சத்தமே பெரிசா இல்ல மா. பெரிய போர்வையை உதறினா வருமே, அந்த மாதிரி” என்றாள் அபர்ணா.

படகு ஓட்டும் நிமாய்தா அவளைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டார். அதனால்தான் கையோடு போயிற்று.

நான் அன்றிலிருந்து காஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன் குனிந்து முகர்கிறேன். ஆட்டோ பெட்ரோல் பங்குக்குள் திரும்பினால் இறங்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் யாராவது போர்வையை உதறினால் கை தானாக மார்புக்குப் போகிறது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அவளுடைய இடது கை

அன்று மாலையே டாக்ஸியில் அவளை ஜாதவ்பூருக்குக் கூட்டிவந்தேன். அவள் மறுக்கவில்லை.

எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கட்டு மாற்றும்போது அவள் பல்லைக் கடிப்பதைப் பார்த்துச் சமையலறையில் போய் நின்றுகொள்வாள். இன்னொருத்தி காலையில் கண்விழித்ததும், அடுத்த அறையில் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் படுத்திருப்பாள். அவள் தலைக்கு நான் பின்னினேன். சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்தேன். அவளுடைய சோப்பு குளியலறையில் மறுபடியும் ஈரமாக இருந்தது. ஹாலில் வங்காளப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். இவர் டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கத்தைத் திருப்ப அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதர் இல்லை அவர்.

சில நாளில் அவள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஷ்ரேயாவிடம் சொல்லி ஒரு கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் கேனும், மீன் தொட்டிக் கடையிலிருந்து குழாய்களும் வரவழைத்தாள். பெட்ரோலுக்குப் பதில், துணிக்குப் போடும் நீலம் கரைத்த தண்ணீர்.

“மா, எனக்கு இன்னொரு கை வேணும். வா.”

“எனக்கு அடுப்புல வேலை இருக்கு.”

“அடுப்பு ஓடிப்போயிடாது. வந்து ஊத்து.”

ஊற்றினேன். குளுக் குளுக் என்று போன நீலத் தண்ணீர் கடைசியில் ‘பொளக்’ என்று திரும்பி வந்து என் புடவையிலும், சுவரிலும், இவருடைய பேப்பரிலும் விழுந்தது.

“எல்லா வீட்டுலயும் ரசம் பொங்கும். இங்க டாங்க் பொங்குது” என்றார் இவர்.

அவள் கேனையே உற்றுப்பார்த்துக்கொண்டிருந்தாள். “வாய்வரைக்கும் நிரப்பறாங்க மா, அதான் பிரச்சினை. படகுல பெட்ரோல் காட்டற முள்ளை யாரும் நம்பமாட்டாங்க. வாயில எண்ணெய் தெரிஞ்சாத்தான் ஃபுல்லுனு நம்புவாங்க. நிமாய்தா விரலை விட்டுப் பாப்பார். காலையில குளுகுளுன்னு இருக்கறப்ப வாய்வரைக்கும் ஊத்திட்டு, மத்தியானம் வெயில்ல நிறுத்தினா அது பெருகும். பெருகினது காத்துக் குழாய் வழியா ஆத்துல சொட்டும். யாருக்கும் தெரியவே தெரியாது.”

“இட்லி மாவு மாதிரி” என்றேன்.

“என்ன?”

“மே மாசத்துல மாவைக் கரைச்சு வெச்சா, பாதிப் பாத்திரம் காலியா விட்டுத்தானே வைப்பேன்? பொங்க எடம் வேணுமே. நீ ஒரு தடவை சின்ன டப்பாவுல ஊத்திட்டு மூடியை வேற அழுத்தி மூடிட்ட. காலையில ஃப்ரிஜ் மேலல்லாம் மாவு.”

“மா!” என்று எழுந்துவிட்டாள். “அந்தக் காலி எடத்தை ஆளு கையில விடக்கூடாது. டாங்கே விடணும். இதுக்கு மேல ஊத்தணும்னு நெனச்சாலும் ஊத்த முடியாதபடி.”

அது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். புத்தகத்திலேயே இருக்கும். ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன்பின் காற்றுக் குழாயின் முனையைக் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பார்த்தோம், தண்ணீர் அதைத் தொட்டதும் மேலே காலி இடத்தோடு நின்றுவிட. குழாயை மேலே ஒரு வளையமாகச் சுற்றி, அதன் வழியில் ஒரு சின்னக் குப்பி வைத்தோம், தப்பி வருவது ஆற்றுக்குப் போகாமல் அதில் தங்க. நான் ஊற்றுவேன். அவள் “நிறுத்து” என்பாள். மேசையை நான் இரண்டு கையாலும் பிடித்து அலையில் ஆடுவதுபோல ஆட்டுவேன்.

ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் எனக்குத் தெரியும். இது சரியாக வந்தால் அவள் போய்விடுவாள். கையில் புதுத் தோல் வந்துகொண்டிருந்தது. பட்டறையில் புது டாங்க் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை படகோடு தீவுக்கே போய், அங்கே தங்கி, மற்றப் படகுகளின் டாங்குகளையும் மாற்றித்தர வேண்டுமாம். எத்தனை மாதம் என்று கேட்டால், “தெரியல மா” என்றாள்.

“வேற வேலையே இல்லையா அப்பு? உன்னோட படிச்சவங்க எல்லாம் ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க.”

“இந்த டாங்க் என்னுது மா. இதை இப்படியே விட்டுட்டு வேற எங்க போய் உக்காந்தாலும், நான் இதுகிட்டதான் உக்காந்திருப்பேன்.”

“இன்னொரு தடவை ஊத்திப் பாத்துடலாமா?” என்று கேட்டேன்.

“நாலு தடவை சரியா வந்துடுச்சு. நீ என்னைவிட டவுட் பார்ட்டி மா” என்று சிரித்தாள்.

வெள்ளைத் துணி

சோதனை நாளில் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். அவளும் தடுக்கவில்லை.

பட்டறையை ஒட்டிய சின்னப் படித்துறை. படிகளில் சேறு. அந்தப் பக்கம் கப்பல் கட்டும் இடத்திலிருந்து இரும்பைத் தட்டும் சத்தம். படகு வெள்ளையும் ஆரஞ்சுமாக நின்றது. எரிந்த இடத்தைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். இருந்தாலும் எந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது.

நிமாய்தாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். தொப்பையும் வெற்றிலை வாயுமாக ஒரு மனிதர். நான் கையெடுத்துக் கும்பிட்டதும் பதறிவிட்டார்.

“மாஷிமா, வேண்டாம் வேண்டாம்! எஞ்சினியர் தீதிமணியைக் கங்கையில் தள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வாயாடினால் இன்னொரு தடவைகூடத் தள்ளுவேன்.”

“முதல்ல டாங்குக்குள்ள விரலை விடாம இருங்க நிமாய்தா” என்றாள் அபர்ணா வங்காளத்தில்.

“விரலை விடாமல் நிரம்பிவிட்டதென்று எப்படி நம்புவது?”

“என்னை நம்புங்க.”

“ஹா! தீதிமணியை நம்பித்தானே போன தடவை மீசை போயிற்று!” பாதி வளர்ந்த மீசையைத் தடவிக் காட்டினார். அவள் முகம் ஒரு கணம் விழுந்ததைப் பார்த்ததும், “முளைத்துவிட்டது, முளைத்துவிட்டது” என்று தோளில் தட்டினார்.

காலைக் குளிர்ச்சியில் டாங்கை நிரப்பினார்கள். எவ்வளவு முயன்றும் நிமாய்தாவால் ஒரு அளவுக்கு மேல் ஊற்ற முடியவில்லை. பெட்ரோல் அமைதியாக நின்றுவிட்டது. இனி படகு மத்தியானம் வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். காற்றுக் குழாய் படகின் வெளிப்பக்கம் முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாள். இவருடைய பழைய வேட்டியில் கிழித்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். விழுந்தால் டாங்கைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், அவள் என்னோடு வீட்டுக்குத் திரும்புவாள். விழாவிட்டால் அன்று மாலை நீர் வடிய ஆரம்பித்ததும், அந்த இழுப்போடு அப்படியே கிளம்பிவிடுவார்கள். அவள் பை ஏற்கெனவே படகில் இருந்தது.

“மா, துணியை நீ பாத்துக்கறியா? நாங்க எஞ்சினைப் பாக்கணும்.”

அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள்.

குடையைப் பிடித்துக்கொண்டு படகின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கைப்பிடிக் கம்பி தொட முடியாமல் சுட்டது. லாஞ்சுகள் போயின. படகு ஏறி இறங்கியது. நான் துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனசு சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு சொட்டு என்றது. யாருக்கும் ஒன்றும் ஆகாமல், கரையிலேயே, ஒரே ஒரு சொட்டு.

வேலை முடிந்து அவர்கள் இருவரும் பட்டறை நிழலில் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் துணியில் ஒரு புள்ளி தெரிந்தது. பொட்டு அளவுதான். ஈரம்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. ராத்திரி அவளுக்கு என்ன சமைக்கலாம் என்றுகூட அந்தக் கணத்தில் யோசித்துவிட்டேன்.

பிறகு குனிந்து, துணியை இழுத்து முகர்ந்தேன். சேற்று வாசனை. மறுபடியும் முகர்ந்தேன். ஆற்றின் வாசனை, பாசி, கொஞ்சம் கருவாடு. இத்தனை நாளாக எங்கே போனாலும் துரத்தி வந்த அந்த வாசனை, நான் கூப்பிட்டபோது வரவில்லை.

“மா!” கையில் ரொட்டியோடு அபர்ணா எழுந்து நின்றாள். “என்ன ஆச்சு? ஏன் துணியை மூஞ்சியில வெச்சிருக்க? கொட்டிடுச்சா?”

அவள் குரலில் இருந்த பயத்தை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. கட்டு மாற்றும்போதுகூட இல்லை.

“இல்ல. தண்ணி.”

“நல்லா பாத்தியா?”

“தண்ணிதான் அப்பு. லாஞ்ச் போச்சே, தெறிச்சிருக்கு.”

“மாஷிமா மூக்குக்கு சர்ட்டிபிகேட் உண்டா?” என்றார் நிமாய்தா. ஆனால் அவரும் எழுந்துவிட்டார்.

அபர்ணா ஓடிவந்தாள். துணியை முகர்ந்தாள். குழாயின் முனையை விரலால் தொட்டு, விரலை முகர்ந்தாள். காய்ந்திருந்தது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

“நீ பெட்ரோல்னு சொல்லியிருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன், இல்ல?”

“நீ மோந்து பாப்பியே.”

“மோந்திருக்கமாட்டேன் மா. உன்னை நம்பியிருப்பேன். இப்பதான், நீ இல்லைன்னு சொன்னதாலதான், பாக்கணும்னு தோணுச்சு.”

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அதுல நர்ஸுங்க ஏறுவாங்க” என்றேன். “அவங்களுக்கும் வீட்டுல யாராவது இருப்பாங்க.”

அவள் தலையை என் தோளில் வைத்தாள். தலைமுடியில் நான் காலையில் தடவிய தேங்காயெண்ணெய் வாசனை.

கிளம்பியது

வெயில் சாய்ந்தது. தண்ணீர் வடிய ஆரம்பித்தது. படிக்கட்டில் ஒரு படி கூடுதலாகத் தெரிந்தது.

சாவியைத் திருப்பும் முன் அவள் தரைப்பலகையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். எழுந்தபோது, “மா, நீ கரைக்குப் போ” என்றாள்.

“எதுக்கு?”

“சும்மா.”

“நான் இங்கயே இருக்கேன்.”

“மா, ப்ளீஸ். நீ இங்க இருந்தா எனக்குக் கை ஓடாது.”

இறங்கினேன். அவள் இடது கையைச் சாவியின் மேல் வைத்தாள். புதுத் தோல் ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது. அந்தக் கையால்தான் திருப்ப வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள் போலிருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

எஞ்சின் இருமியது. ஓடியது. வேறொன்றும் ஆகவில்லை.

நிமாய்தா “துக்கா, துக்கா!” என்று துர்க்கையைக் கூப்பிட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். படகு நடு ஆற்றுக்குப் போய், மூக்கைத் தெற்கே திருப்பியது. அவள் கையை ஆட்டினாள். அந்தத் தூரத்தில் எந்தக் கை என்று தெரியவில்லை. கடைசியில் அவர்கள் எஞ்சின் சத்தம் எது, மற்ற லாஞ்சுகளின் சத்தம் எது என்று பிரித்துக் கேட்க முடியாமல் போயிற்று. அப்புறமும் நின்றுகொண்டிருந்தேன்.

போன் அடித்தது. இவர்.

“என்ன, கசிஞ்சுதா?”

“இல்ல.”

“ஒரு சொட்டு கூடவா?”

“ஒரு சொட்டு கூட இல்ல.”

அந்தப் பக்கம் டீவி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

“நல்லதுதான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நீ எப்ப வர்ற?” என்று கேட்டார்.